முதலில் வந்தவர் எழுந்து போக வேண்டும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று திட்டக்கூடாது. இந்தக் கதையை, இதில் வருகிற புருஷனோ பெண்டாட்டியோ எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஃபின்லாந்தின் கைனூ காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் வாயைப் பிடுங்குவதைவிட உறைந்த ஏரியில் கடப்பாரை போடுவது சுலபம்.

கதை எனக்குப் பனியிலிருந்து கிடைத்தது. வழிப்போக்கர் யாரும் ஒதுங்கலாம் என்று காட்டில் திறந்து வைத்திருக்கும் குடில்களுக்கு விறகு கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை, பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் விறகு வண்டியைக் கட்டிக்கொண்டு கெலோவாரா குடிலுக்குப் போனேன். வழியில் அவுலிஸ் தன் சறுக்குப் பலகையால் போட்ட தடம் வரும். பார்த்தால், அந்தத் தடத்தின் நட்டநடுவில் பனிச்செருப்பு மிதித்த பள்ளம். பனிச்செருப்பு என்பது பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டிக்கொள்ளும் முறம். பள்ளத்துக்கு மேல் பள்ளம். வலது கால் கொஞ்சம் இழுத்திருந்தது. வலது காலை இழுத்து நடக்கிற ஆள் எங்கள் ஊரில் ஒருத்திதான். அவுலிஸின் மனைவி ரைலி.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன்.

இதில் நிறுத்த என்ன இருக்கிறது என்பீர்கள். உங்கள் பூஜையறையில் ஒருத்தர் சேற்றுச் செருப்போடு உலாத்தினால் எப்படி இருக்கும்? அதுவாவது துடைத்தால் போகும். பலகை இடறும்படி சறுக்குத் தடத்தில் நடந்து பள்ளம் போடுவது இந்த ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். கொலை செய்தவனிடமாவது ஏன் செய்தாய் என்று கேட்பார்கள்.

2

ஆரம்பம் எப்படி வைப்பது?

முதல் முயற்சி: "வெண்பட்டு போர்த்திய கானகம் மௌனத்தில் தவமிருந்தது. தேவதாரு மரங்களின் தோள்களில்

[அடித்துவிட்டேன். பட்டெல்லாம் இல்லை. மைனஸ் பதினெட்டு. மூக்குக்குள் மயிர் விறைத்து ஊசி மாதிரி குத்தும்போது எவனுக்கும் பட்டு ஞாபகம் வராது.]

இரண்டாம் முயற்சி: "அவுலிஸின் வாழ்வில் இரண்டு காதல்கள். ஒன்று ரைலி. இன்னொன்று, தார் பூசிய பிர்ச் மரத்தில் செய்த, ஆள் உயரத்தைவிட நீளமான

[இதுவும் வேண்டாம். எது முதல் காதல் என்று ரைலி கேட்பாள்.]

இந்தக் கதையைக் கேட்டது சென்னையில் ஒரு பத்திரிகை நண்பர். போனில் ஆர்வமாக விசாரித்தார்.

"பனிக்காடுன்னீங்களே, ஓநாய் வருமா?"

"வராது."

"கரடி?"

"குளிர்காலம்ங்க. தூங்குது."

"வானத்துல பச்சையா வெளிச்சம் ஆடுமே?"

"பகல்ல நடக்குற கதை."

"சரி, யாராச்சும் பனியில விறைச்சுச் செத்தாவது போறாங்களா?"

"இல்லைங்க. ஒரு ஆள் வாயைத் தொறந்து பேசணும். அவ்வளவுதான் கதை."

"அதுல என்னங்க சஸ்பென்ஸ்?" என்றார்.

"நீங்க அவுலிஸைப் பாத்ததில்ல."

3

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை. (இந்தப் பகுதி என் கற்பனை. அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நான் நிற்கவில்லை. ஆனால் இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவனுக்கு இந்த அளவு உரிமை உண்டு.) அவுலிஸ் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.*

ரைலி சொன்னாள்: "கயானி டவுன்ல எங்க அக்கா இருக்குற கட்டடத்துலயே ஒரு வீடு காலியாயிருக்காம். லிஃப்ட் இருக்கு. வேணுமா வேண்டாமான்னு இன்னிக்கிச் சாயங்காலம் சொல்லணும்."

"ம்."

"ம்னா?"

"லிஃப்ட் நல்லதுதான்."

"எனக்கு மட்டும்தான்யா அந்த வீடு. ஒத்தை ஆள் வீடு. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

அவுலிஸ் ஜன்னலுக்கு வெளியே தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்தான். "மைனஸ் பதினெட்டு. நல்ல பனி."

"நீ அந்தத் தெர்மாமீட்டரையே கட்டிக்கிட்டிருக்கலாம்."

அவன் ரொட்டியைக் கடித்தான்.

"நான் குடிலுக்குப் போறேன்" என்றாள் ரைலி. "எனக்கு ஏதாச்சும் சொல்லணும்னா அங்க வந்து சொல்லு. இந்தச் சுவத்துக்குள்ள உனக்கு வாய் தொறக்காது. காட்டுல மரத்துக்கிட்டயெல்லாம் பேசுறியாமே."

"யார் சொன்னா?"

"மரம்தான் சொல்லிச்சு." பிளாஸ்கில் காப்பியை ஊற்றி மூடினாள். "நீ ஒண்ணும் சொல்லலைன்னா, அக்காவுக்கு சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் என் மேல குத்தம் சொல்லாத. குத்தம் சொல்லவும் நீ வாயைத் தொறக்கணும், அதனால அந்தப் பயம் எனக்கில்ல."

விஷயம் இதுதான். அதைத் தவிர இந்தக் கதையில் வேறு எதுவும் பணயம் இல்லை. ஒரு பெண் வீட்டில் இருப்பாளா, போய்விடுவாளா?

ஏன் போகிறாள் என்பதற்கும் காரணம் சிறியது. இருவரும் முன்பு சேர்ந்துதான் சறுக்கப் போவார்கள். அவன் முன்னால் தடம் போட, அவள் பின்னால். ரைலிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனது. இனி சறுக்கக்கூடாது, நடக்கலாம் என்றார் டாக்டர். மகள் ஆரஞ்சு நிறத்தில் பனிச்செருப்பு வாங்கி அனுப்பினாள். அதை மாட்டிக்கொண்டு ரைலி ஆசையாக முற்றத்தில் இறங்கி, வழக்கம்போல அவன் தடத்தில் காலை வைத்தாள். அவுலிஸ் அப்போது ஒரு வாக்கியம் பேசினான். அந்தக் குளிர்காலத்திலேயே அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

"அதைப் போட்டுக்கிட்டு என் தடத்துல கால் வைக்காத."

அன்றிலிருந்து அவள் சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம், நடப்பவர்களுக்காகச் சிவப்புக் கழி நட்ட பாதையில் போவாள். அவன் இந்தப் பக்கம் தன் தடத்தில் போவான். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே குடிலுக்கு இரண்டு வழி. வக்கீல் தேவைப்படாத விவாகரத்து.

* வயசான ஆளை 'அவன்' என்கிறானே என்று கோபிக்காதீர்கள். இந்த ஊரில் டாக்டரையும் பாதிரியாரையும்கூட 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் மட்டும் 'அவர்' போட்டால் அவுலிஸ், யாரோ மூன்றாவது ஆள் வந்திருக்கிறான் என்று வழிவிட்டு நிற்பான்.

4

ரைலி போன பிறகு அவுலிஸ் உடனே கிளம்பினான் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

கிளம்பவில்லை. பலகைக்கு மெழுகு தேய்த்தான். பெண்டாட்டி போகிறாள் என்பதற்காக அன்றைய பனிக்குப் பொருந்தாத மெழுகோடு போக முடியுமா? பிறகு வழியில் ஒரு பைன் மரம் தடத்தின் குறுக்கே விழுந்து கிடந்தது. சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். காட்டுச் சறுக்குப் பலகையைச் செய்வதே தடமில்லாத பனியில் போவதற்குத்தான். ஆனால் தடம் அவனுடையது. பையிலிருந்து ரம்பத்தை எடுத்து, மரத்தைத் துண்டு போட்டு, ஓரத்தில் அழகாக அடுக்கி வைத்தான். (அடுக்கை நானே பார்த்தேன். நேர்த்தியான அடுக்கு. தலையில் அடித்துக்கொண்டேன்.)

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இப்படி ஒரு மனுஷன் மேல் வாசகருக்கு எப்படி இரக்கம் வரும்? விறகை அடுக்குகிற நேரத்தில் நாலு நல்ல வார்த்தையை அடுக்கத் தெரியாத ஆள். கதாநாயகனை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பக்கத்து ஏரிக்கரையில் நன்றாகப் பேசுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவருக்கு மூன்றாவது மனைவி போய்க்கொண்டிருக்கிறாள்.

சரி, அவுலிஸே இருக்கட்டும். அவனும் என்னைப் போலத்தான், முதல் வரி வராமல் தவித்தான். நான் காகிதத்தில் அடித்தேன், அவன் மண்டைக்குள் அடித்துக்கொண்டே போனான். பலகை பனியில் 'சுர்ர், சுர்ர்' என்று இழைய, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வரி.

"ரைலி, நீ இல்லாம நான்

[அடித்தான். இது டிவியில் வருகிற ஆள் பேசுவது.]

"கயானியில பனி சரியா விழுறதில்ல."

[உண்மைதான். ஆனால் இவ்வளவு தூரம் வந்து வானிலை அறிக்கை வாசித்தால் அடிப்பாள்.]

"லிஃப்ட் அடிக்கடி ரிப்பேராகும்."

[இதைக் கொஞ்ச தூரம் வைத்திருந்தான். நன்றாக இருப்பதாகவே பட்டது. பிறகு அதையும் அடித்தான்.]

"இரு."

நின்றான். திரும்ப ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். குறை ஒன்றும் தெரியவில்லை. சின்னது, பிசிறில்லாதது, பொய் இல்லாதது. சத்தமாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பக்கத்திலிருந்த தேவதாரு மரத்தைப் பார்த்து, "இரு" என்றான்.

மரம் தன் கிளையிலிருந்த பனி மொத்தத்தையும் அவன் பிடரியில் கொட்டியது.

பரவாயில்லை, பதில் என்று ஒன்று வந்ததே என்று கிளம்பினான்.

5

குடிலில் நடந்தது எனக்கு ரஸ்மஸ் சொன்னது. தெற்கே, தலைநகர் ஹெல்சிங்கி ஆள். பனி விடுமுறை வாரத்துக்கு வந்தவர். மறுநாள் கடையில் பார்த்தபோது, கேட்காமலே சொன்னார். தெற்கத்தி ஆட்களிடம் இது ஒரு வசதி.

ரைலிதான் குடிலுக்கு முதலில் வந்திருக்கிறாள். அடுப்பு மூட்டி, மக்கரா என்கிற கொழுத்த இறைச்சிக் குழல் இரண்டைக் குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டியிருக்கிறாள். ஒன்றைப் பதமாக. மற்றதைத் தோல் வெடித்துக் கருகும்வரை. அப்படிக் கருகினதைத் தின்கிற பிராணி உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது வழியில் ரம்பம் போட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள் ரஸ்மஸும் கூட்டாளிகளும் பனிச்செருப்பை உதறிக்கொண்டு உள்ளே வந்து பெஞ்சையெல்லாம் நிறைத்துவிட்டார்கள். தலை முதல் கால் வரை புதுத் துணி. விலைச்சீட்டு ஒன்றிரண்டு இன்னும் தொங்கியது. அப்புறம்தான் கதவு திறந்தது. அவுலிஸ் நின்றான். புருவம், மீசை எல்லாம் உறைபனி. பிடரியில் தேவதாரு.

அவுலிஸ் உள்ளே பார்த்தான். ரைலி இருந்தாள். சுற்றிலும் ஹெல்சிங்கி இருந்தது.

இப்போது உங்களுக்கு ஒரு சட்டம் சொல்ல வேண்டும். எங்கள் காட்டுக் குடிலில், கடைசியாக வந்தவனுக்குத்தான் முதல் உரிமை. அவன்தானே அதிக நேரம் குளிரில் இருந்தவன். இடம் இல்லையென்றால், முதலில் வந்து உடம்பு சூடேறியவர் எழுந்து போக வேண்டும். நல்ல சட்டம். எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். அன்றைக்கு அதற்கு விடுமுறை.

நெருப்பு மட்டும் படபடத்தது. ரைலி அவன் முகத்தையே பார்த்தாள். அவுலிஸுக்கு அந்த ஒற்றைச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதை யார் முன்னால் சொல்வது? முன்பின் தெரியாத இவ்வளவு பேர், கையில் காப்பிக் குவளையோடு, வாயையே பார்த்துக்கொண்டு. கோவணம் இல்லாமல் நிற்பதுகூட அவனுக்குப் பரவாயில்லை. சானா என்கிற நீராவிக் குளியல் அறையில் வாரா வாரம் நிற்கிறான்.

"வணக்கம்" என்றான், எல்லோருக்கும் பொதுவாக.

"அடடா, இடமில்லையே" என்றார் ரஸ்மஸ்.** "நாங்க எந்திரிக்கிறோம்."

"வேண்டாம்" என்றாள் ரைலி. "நான்தான் முதல்ல வந்தேன். சட்டம் சட்டம்தானே." எழுந்தாள். எழுந்தவள் உடனே போகவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகப் போட்டாள். தொப்பியைப் போட்டாள். கழற்றினாள். திரும்பப் போட்டாள். "அப்ப நான் கிளம்பவா?"

இந்தக் கேள்வி பெஞ்சைப் பற்றியது என்று ரஸ்மஸ் நினைத்தார். அவுலிஸுக்குத் தெரியும், இது பெஞ்சைப் பற்றியது அல்ல. தெரிந்தும் அவன் கதவிலிருந்து ஒதுங்கி வழிவிட்டான்.

ஆமாம், வழிவிட்டான். மரியாதைக்கு.

"உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்" என்று குச்சியை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் வெளியே போனாள்.

** 'கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா' என்று நெருங்கி உட்காரலாமே என்பீர்கள். நம் ஊர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து, ஆறாவது ஆளின் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வோம். இங்கே இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவது ஆள் உட்காரும் அளவு இடம் இருந்தால்தான் அதற்கு இரண்டு பேர் உட்காரும் இடம் என்று பெயர்.

6

அவுலிஸ் அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தான். பலகை இன்னும் சூடாக இருந்தது.

கதை இங்கே நின்றுவிட்டது. ஒரு கோடை முழுக்க நின்றது. விறகு பிளக்கும்போதெல்லாம் யோசித்தேன். வேறு வேறு மாதிரி எழுதியும் பார்த்தேன். பார்த்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சினிமா பிடித்தவர்களுக்கு: அவுலிஸ் குச்சியை எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறான். "ரைலீ!" காடு அதிர்கிறது. பக்கம் பக்கமாகப் பேசுகிறான். ஹெல்சிங்கிக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கி

[முடியவில்லை. எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. குச்சியை எறிகிறானாம். மக்கராவோடு!]

பத்திரிகை நண்பருக்கு: தனியே நடந்த ரைலிக்குப் பின்னால் மஞ்சள் கண்கள் மின்ன, ஓர் ஓநாய்

[இந்தக் காட்டில் ஓநாய் என்னைப் பார்த்து ஓடியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.]

அழ வேண்டும் என்று வந்தவர்களுக்கு: சதுப்பு நிலத்தில் பனிப்புயல். மறுநாள் காலை ஒரு ஆரஞ்சு பனிச்செருப்பு மட்டும்

[ரைலி இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டால் என்னைக் கொன்றுவிடுவாள். பிறந்ததிலிருந்து அவள் நடக்கிற சதுப்பு அது.]

ஆக, நடந்ததுதான் மிச்சம். நடந்தது இது: அவுலிஸ் மக்கராவைத் தின்றான். வீணாக்கக் கூடாதல்லவா. கடுகு தொட்டுக்கொண்டு, நிதானமாக, அவனுக்கென்றே கருக்கியதை.

ரஸ்மஸுக்கு மௌனம் தாங்கவில்லை. "அந்த அம்மா பாவம்" என்று ஆரம்பித்தார். "யாருக்கோ காத்துக்கிட்டிருந்தாங்க போல. நாங்க வந்ததுலேர்ந்து கதவையே பாத்துட்டு இருந்தாங்க. கதவு தொறக்கிறப்பெல்லாம் எந்திரிச்சாங்க. கடைசி வரைக்கும் அந்த ஆள் வரவே இல்ல."

அவுலிஸ் மென்றுகொண்டிருந்தது நின்றது.

"வந்தான்" என்றான்.

"யாரு?"

அவுலிஸ் நெருப்பைப் பார்த்தான். "வந்தான். வந்து உக்காந்து தின்னுட்டிருக்கான்."

எழுந்தான். எழுந்ததும் பழக்கம் விடவில்லை. அடுத்து வருபவருக்காக ஒரு கட்டையைச் சிறாய்களாகப் பிளந்து அடுப்போரம் வைத்துவிட்டுத்தான் போனான் என்று ரஸ்மஸ் சத்தியம் செய்கிறார். நான் நம்புகிறேன். நீங்களும் நம்பித்தான் ஆக வேண்டும்.

7

வெளியே வந்து பலகையை மாட்டினான். நிமிர்ந்தான். அவன் தடத்தில், அவன் கையால் மரம் வெட்டி வழி சீர்படுத்திய தடத்தில், பனிச்செருப்புப் பள்ளம். ஓரமாகக்கூட இல்லை. நடுவில், வேண்டுமென்றே அழுத்தி மிதித்து. சிவப்புக் கழிப் பாதை அந்தப் பக்கம் சும்மா கிடந்தது.

இதை எப்படிப் படிப்பது என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. போகிற போக்கில் அவன் முகத்தில் கரி பூசினாளா? அல்லது எதற்கும் திறக்காத அந்த வாய் இதற்காவது திறக்கும் என்று கணக்குப் போட்டாளா? அவள்கூட நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியது அவன்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும். அல்லது அவனுக்கும் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை நான் பார்த்த தடத்தை மட்டும் சொல்கிறேன். அதில் கற்பனை இல்லை. முதலில், அவன் ஊன்றித் தள்ளிய கம்புகளின் குத்துகள் விலகி விலகி இருந்தன. வேகமாக, கோபமாகப் போயிருக்கிறான். பலகைக் கோடு பனிச்செருப்புப் பள்ளங்களின் மேலேயே, ஒவ்வொன்றிலும் இடறி இடறிப் போயிருந்தது. பிடரியில் பனி கொட்டிய தேவதாருவைத் தாண்டினான். தான் அடுக்கிய விறகைத் தாண்டினான். அதற்கப்புறம் கம்புக் குத்துகள் நெருங்கிவிட்டன. அங்கே அவளைப் பிடித்துவிட்டான்.

முன்னால் யாராவது தடத்தை அடைத்துக்கொண்டு போனால், பின்னால் வருகிற சறுக்குக்காரன் "வழி!" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் முன்னால் போகிறவர் ஒதுங்கியாக வேண்டும். அவுலிஸ் ஆயுசு முழுக்கத் தயங்காமல் சொன்ன சொல் அது ஒன்றுதான். மந்திரி மகனுக்கும் சொல்லியிருக்கிறான்.

சுற்றிக்கொண்டும் போயிருக்கலாம், இருபக்கமும் மிதிபடாத பனி. போகவில்லை. ஒதுங்கி நின்றதற்கும் அடையாளமில்லை. சதுப்பின் விளிம்பு வரைக்கும் இழுத்து இழுத்து நடந்த பள்ளங்கள், அவற்றின் மேலேயே நின்று நின்று நகர்ந்த பலகைக் கோடு. காட்டுச் சறுக்குக்காரன் ஒருவன், தன் தடத்தைப் பாழாக்குகிறவளின் பின்னால், அவள் நடையின் வேகத்துக்கு. முன்பு அவன் போட்ட தடத்தில் அவள் வருவாள் என்று சொன்னேனே. இப்போது ஆள் மாறியிருந்தது.

அப்புறம் சதுப்பு. திறந்தவெளி. காற்று எல்லாவற்றையும் வழித்துத் துடைத்திருந்தது. சதுப்பைத் தாண்டினால் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் அவர்கள் வீடு. வலது பக்கம் கயானி பஸ் நிற்கிற சாலை. நான் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். வெறும் பனி.

"அந்த வீட்டுப் புகைபோக்கியைப் பாத்தா தெரிஞ்சுடுமே, ரைலி இப்ப எங்க இருக்காங்க?" என்று பத்திரிகை நண்பர் கேட்டார்.

தெரியும்தான். ஊருக்கே தெரியும். ஆனால் இங்கே அடுத்தவர் வீட்டு விஷயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கும் அது தொற்றிவிட்டது. கெட்ட பழக்கம்தான், என்ன செய்ய.

அதனால் கதையைச் சதுப்பின் நடுவிலேயே விடுகிறேன். பகல் வெளிச்சம். காற்று. முன்னால் ரைலி, வலது காலை இழுத்துக்கொண்டு. திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பின்னால் பலகை இழைகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது. பிரிவழி கண்ணுக்குத் தெரிகிறது. ஹெல்சிங்கிக்காரர்கள் யாரும் இல்லை. மரம்கூட இல்லை. அவன் மீசையிலிருந்த பனியைக் கையுறையால் துடைத்தான். வாயைத் திறந்தான்.

"(                )" என்றான்.

ரைலி நின்றாள்.

அடைப்புக்குள் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன். அதற்கு மேல் போகாதீர்கள். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.